நோட்டீஸில் பெயர் இல்லாத பையன்கள்... நிலக்கோட்டை வழியே ஒரு நாடகத் தேடல்!

மதுரையிலிருந்து வந்தாலும் திண்டுக்கல்லிலிருந்து வந்தாலும் நிலக்கோட்டையின் அடையாளம் வாசனைதான். பூ மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே மல்லிகை மூட்டைகள் இறங்கிவிடும். சுற்றுப்பட்டு கிராமங்களில் முந்தைய இரவு மொட்டாகப் பறித்த பூ, அன்றைக்கே கைமாறிவிட வேண்டும். மறுநாளைக்கு அதற்கு மதிப்பில்லை. இந்த ஊரில் மறுநாள் மதிப்பிழக்கும் இன்னொரு பொருளும் உண்டு. அது நாடக நோட்டீஸ்.

பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை இந்தப் பக்கத்து கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் ஓர் இரவு நாடகத்துக்கு ஒதுக்கப்படும். 'வள்ளி திருமணம்' பெரும்பாலும் உறுதி. சில ஊர்களில் 'அரிச்சந்திர மயான காண்டம்', 'பவளக்கொடி'. விழாக் கமிட்டி அடிக்கும் நோட்டீஸில் அம்மன் படம் மேலே, வரி கொடுத்த ஊர்ப் பெரியவர்களின் பெயர்கள் கீழே, நடுவில் கட்டம் கட்டமாக நடிகர்களின் போட்டோ. ராஜபார்ட், ஸ்த்ரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ். அதற்கும் கீழே ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அவரவர் ஊர். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி என்று ஊருக்கொருவர். இவர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் கிடையாது. சில சமயம் மேடைக்குப் பின்னால் மேக்கப் போடும்போதுதான் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்வார்கள். ஒத்திகை இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியவிடிய நடக்கும். இதற்குத்தான் 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர்.

முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒத்திகையே இல்லாமல் ஏழெட்டு மணி நேர நாடகத்தை எப்படி நடத்துகிறார்கள்? எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடம் என்பதுதான் பதில். அந்தப் பாடத்தை எழுதியவர் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். அதைத் தமிழ்நாடு முழுக்க மனப்பாடமாகப் பரப்பியவர்களில் பெரும் பங்கு, பத்து வயதுகூட நிரம்பாத பையன்களுக்கு உரியது. 'பாய்ஸ் கம்பெனி' என்று பாட்டி, தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்போம். வசந்தபாலனின் 'காவியத் தலைவன்' (2014) படம் பார்த்தவர்களுக்கு அந்த உலகத்தின் சாயல் தெரியும். அந்தக் கம்பெனிகளின் ஆவணங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று தேடினால், நிலக்கோட்டையிலிருந்து சென்னை வரை போக வேண்டியிருக்கிறது. போயும் பாதிதான் கிடைக்கிறது.

சுவாமிகள் முதலில் பெரியவர்களை வைத்துத்தான் நாடகம் நடத்தினார். அவரே எமன், சனீஸ்வரன் வேஷங்கள் கட்டியிருக்கிறார். சனீஸ்வரன் வேஷத்தோடு விடியற்காலையில் அவரைப் பார்த்த ஒரு பெண் பயத்தில் உயிரைவிட்டதாகவும், அதன்பிறகு அவர் வேஷம் கட்டுவதையே நிறுத்தியதாகவும் ஒரு கதை உண்டு. அது உண்மையோ, பின்னால் சேர்ந்த மெருகோ... பெரிய நடிகர்கள் மேடையில் வசனத்தை இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் புரிகிறது. சொன்னதைச் சொன்னபடி செய்ய சிறுவர்கள்தான் சரி. 1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்வ பால சபை'யைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்களில் டி.கே.எஸ். சகோதரர்களும் உண்டு. மூன்றாமவரான சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தச் சிறுவன் நடிப்பதற்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் இன்றைக்கும் சொல்லப்படும் செய்தி.

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் 'ஔவை' சண்முகம். கமல்ஹாசன் சிறுவனாக டி.கே.எஸ். நாடக சபாவில் இருந்தவர். 'அவ்வை சண்முகி' என்ற படத் தலைப்பு அந்தக் குருவுக்கு வைத்த வணக்கம்.

ஒரு கம்பெனி ஜெயித்தால் பத்து கம்பெனி முளைக்கும். ஜெகந்நாத ஐயர் நடத்திய மதுரை பால மீன ரஞ்சனி சங்கீத சபையிலிருந்து நவாப் ராஜமாணிக்கமும் எம்.ஆர். ராதாவும் வந்தார்கள். சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அண்ணன் சக்கரபாணியோடு சேர்ந்தார் எம்.ஜி.ஆர். பி.யு. சின்னப்பாவும் அங்கேதான். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் திருச்சியில் சேர்ந்த கணேசன், ஸ்த்ரீபார்ட் சீதையாகத் தொடங்கி சிவாஜி ஆனார். எல்லாவற்றிலும் 'மதுரை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது தற்செயல் இல்லை. மதுரை என்று போட்டால்தான் வெளியூரில் டிக்கெட் போகும். நிலக்கோட்டையும் திண்டுக்கல்லும் அப்போது மதுரை ஜில்லாதான். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்.

இந்த இடத்தில் கொடைரோடு ஸ்டேஷன்வரை ஒரு நடை போய் வரலாம். நிலக்கோட்டைக்கு ரயில் கிடையாது. கிட்டத்து ஸ்டேஷன் கொடைரோடு. 1870-களில் திருச்சி - மதுரை ரயில் பாதை வந்தபிறகுதான் கம்பெனி நாடகம் என்ற தொழிலே சாத்தியமானது. சீன் படுதாக்கள், உடைப் பெட்டிகள், சமையல் பாத்திரங்கள், முப்பது நாற்பது பையன்கள் என்று ஒரு சின்ன ஊரே கிளம்பும். ஓர் ஊரில் வசூல் இருக்கும்வரை முகாம். வசூல் குறைந்தால் அடுத்த ஊர். மாட்டுவண்டிக் காலத்தில் இது நடந்திருக்காது. கொடைக்கானலுக்குப் போகும் டூரிஸ்ட்கள் மட்டும் இறங்கும் இடமாக இன்றைக்குத் தெரியும் இந்த ஸ்டேஷனை, அந்த நாளில் எத்தனை சீன் பெட்டிகள் கடந்து போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அதற்கு மேல் எண்ணத்தான் முடியும். கணக்கு இல்லை.

கம்பெனி என்பது வீடு, பள்ளிக்கூடம், ராணுவம் மூன்றும் சேர்ந்தது. வாத்தியார் கையில் பிரம்பு. விடியலில் சாதகம், பகலில் பாடம், இரவில் மேடை. வீட்டில் சோற்றுக்கு வழியில்லாத பிள்ளைகள்தான் அதிகம். பையனைச் சேர்க்கும்போது தகப்பனிடம் இத்தனை வருஷம் என்று ஒப்பந்தம் எழுதி வாங்குவார்கள். நடுவில் ஓடிப்போனவர்களும் உண்டு, பிடித்துவரப்பட்டவர்களும் உண்டு. இதையெல்லாம் தாண்டியவனுக்கும் ஒருநாள் 'மகரக்கட்டு' வரும். குரல் உடையும் பருவத்துக்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் அது. நேற்றுவரை வள்ளியாகப் பாடியவன் இன்றைக்குக் கரகரத்த குரலோடு நிற்பான். குரல் திரும்பினால் ராஜபார்ட். திரும்பாவிட்டால் படுதா இழுக்கலாம், சமையல் கட்டுக்குப் போகலாம், ஊருக்குத் திரும்பலாம். சின்னப்பா போன்ற பெரிய பாட்டுக்காரருக்கே அந்தச் சோதனை வந்திருக்கிறது.

இதில் ஜெயித்தவர்கள் எழுதினார்கள். சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' (1972) அந்த வகையில் ஒரு பொக்கிஷம். எந்த ஊர் முகாம், என்ன நாடகம், எங்கே நஷ்டம், யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறார். 1925-ல் திருவனந்தபுரத்தில் 'மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா' தொடங்கியதிலிருந்து எல்லாமே அதில் உண்டு. ஒரு கம்பெனியின் தினசரிக் குறிப்பேடு தொலைந்துபோனாலும், இந்தப் புத்தகம் அதற்கு ஈடு கொடுக்கும். ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. இது முதலாளியின் கணக்கு. படுதா இழுக்கப் போன பையன் தன் பக்கத்தை எழுதவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நாடகக்காரர்களைவிட அவர்களைப் பற்றி அக்கறையாகக் குறித்து வைத்தது போலீஸ்! 1876-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த நாடகச் சட்டப்படி அரசு நினைத்தால் நாடகத்தைத் தடுக்கலாம். தேசியப் போராட்டம் சூடுபிடித்த காலத்தில் மேடையில் யார் என்ன பாடினார்கள் என்று உளவாளிகள் எழுதி அனுப்பினார்கள். வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' புத்தகம் தடைசெய்யப்பட, அதையே 'தேச பக்தி' என்று பெயர் மாற்றி டி.கே.எஸ். குழு மேடையேற்றியது. அந்தக் காலத்து அரசுக் கோப்புகளையும் துருவித்தான் சு. தியடோர் பாஸ்கரன் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் தேசிய இயக்கத்துக்குமான உறவைப் பற்றிய தன் ஆங்கில நூலை 1981-ல் எழுதினார். சுதந்திரம் வந்தபிறகும் கதை முடியவில்லை. 1954-ல் சென்னை மாகாணம் தனியாக ஒரு நாடகச் சட்டம் போட்டது. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை மனதில் வைத்தே அது வந்தது என்பது பரவலான கருத்து. பாய்ஸ் கம்பெனியில் பிரம்படி வாங்கிய பையன் ஒருவன், சட்டமன்றத்தையே ஒரு சட்டம் போட வைத்துவிட்டான்! அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2013-ல். வழக்குத் தொடுத்தவர் 'பரீக்‌ஷா' ஞாநி.

காகிதங்களுக்கு வருவோம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். மற்றவர்கள் பழைய பேப்பர் கடைக்குப் போட்டதையெல்லாம் சேர்த்தவர். புத்தகம் மட்டுமல்ல... பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எதையும் விடவில்லை. 1992-ல் அவர் மறைந்தபிறகு அந்தச் சேகரிப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. நாடக வரலாறு தேடுபவர்கள் இன்றைக்கு முதலில் தட்டும் கதவு அதுதான். அப்படியும் ஓட்டைகள் பெரியவை. சுவாமிகள் எழுதியவை நாற்பது நாடகம் என்பார்கள்; அதற்கும் மேல் என்று சொல்பவர்களும் உண்டு. இன்றைக்குக் கையில் இருப்பது அதில் பாதிகூடத் தேறாது. எழுதிய தாள் போனது. ஒவ்வொரு நடிகரின் தொண்டையிலும் ஒரு துண்டு தங்கியிருக்கிறது. மதுரையில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு வருஷக்கணக்கில் பழகி சூசன் சைஸர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2005-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நம்மூர் ஆட்கள் மதிக்காத நாடக நோட்டீஸைக்கூட அதில் உட்கார்ந்து படித்து ஆராய்ந்திருக்கிறார்.

நிலக்கோட்டைக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பெருமை உண்டு. இது பாளையப்பட்டு ஊர். இங்கே ஆண்ட கூளப்ப நாயக்கர் மீது சுப்ரதீபக் கவிராயர் பாடிய 'கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது' தமிழில் அந்த வகை நூல்களில் பேர்போனது. ஆடிப் பாடும் விறலியைத் தூது அனுப்பும் கதை. குடும்பப் பத்திரிகையில் விரித்துச் சொல்ல முடியாத இடங்கள் அதில் நிறைய. மூன்று நூற்றாண்டு பழைய அந்த நூல் அச்சாகி இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே வட்டாரத்தில் நடந்த நாடகங்களின் நோட்டீஸ்களைத் தேடினால் கஷ்டம். அரண்மனை வாசலுக்கு வந்த கலையைப் பாதுகாக்க ஆள் இருந்தது. ஊர்ப் பொட்டலில் நடந்ததற்கு இல்லை.

வத்தலக்குண்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் இன்னொரு இழை கிடைக்கும். 'மணிக்கொடி' எழுத்தாளர் பி.எஸ். ராமையாவின் ஊர் அது. அவர் எழுதிய 'தேரோட்டி மகன்', 'போலீஸ்காரன் மகள்' நாடகங்களை மேடையேற்றியது எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் 'சேவா ஸ்டேஜ்'. சகஸ்ரநாமம் யார்? டி.கே.எஸ். கம்பெனியில் பையனாகச் சேர்ந்து வளர்ந்தவர். வத்தலக்குண்டு எழுத்து, பாய்ஸ் கம்பெனி நடிப்பு, சென்னை மேடை. 'போலீஸ்காரன் மகள்' 1962-ல் ஸ்ரீதர் இயக்கத்தில் சினிமாவாகவும் ஆனது.

எதிர்த் திசையில், திண்டுக்கல் போகும் வழியில் காந்திகிராமம். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது. டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1977-ல் இங்கே நடத்திய பயிற்சிப் பட்டறையைத் தமிழ் நவீன நாடகத்தின் திருப்புமுனை என்று நாடகக்காரர்கள் குறிப்பிடுவார்கள். இங்கே ஆசிரியராக இருந்த சே. இராமானுஜம் பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறைக்குப் போனார். பட்டறைக்கு அடுத்த வருஷம் மதுரையில் மு. ராமசாமி 'நிஜ நாடக இயக்கம்' ஆரம்பித்தார். இந்த நவீன நாடகக்காரர்கள் கையெழுத்துப் பிரதி, போட்டோ, விமர்சனம் என்று ஓரளவு சேர்த்து வைத்திருக்கிறார்கள். படித்தவர்கள் அல்லவா!

ஸ்பெஷல் நாடகக்காரர்களிடம் இருப்பது சங்கம். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை போன்ற ஊர்களில் நடிகர் சங்கங்கள் உண்டு. எந்த நடிகருக்கு எந்தத் தேதி, எந்த ஊர் என்ற கணக்கு நோட்டும் டைரியும்தான் இன்றைய நாடகத்தின் உண்மையான ஆவணம். வருஷா வருஷம் சுவாமிகளுக்குக் குருபூஜை நடக்கும். 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் அவர் மறைந்தபோது, பக்கவாதத்தால் பேச்சிழந்திருந்தார் என்பதைச் சொல்லும்போது மூத்த கலைஞர்களின் குரல் இன்றும் தணியும். வருஷம் முடிந்தால் அந்த டைரி என்ன ஆகும் என்பது அந்தந்த வீட்டைப் பொறுத்தது. கறையான் அரிக்கலாம், பேரன் கிழித்து ராக்கெட் விடலாம்.

நாடகம் பார்க்க விரும்புகிறவர்கள் வெயில் காலத்தில் இந்தப் பக்கம் வரலாம். கொடைரோட்டில் இறங்கினால் நிலக்கோட்டைக்கு பஸ் உண்டு. டீக்கடைச் சுவர், ரேஷன் கடைச் சுவர், பஸ் ஸ்டாண்ட் தூண் எங்கேயாவது நோட்டீஸ் ஒட்டியிருக்கும். தேதியும் ஊரும் பார்த்துக்கொண்டு, ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டால் போதும், டிக்கெட் கிடையாது. பபூன் வருவதற்குள் போய்விடுவது நல்லது. வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம் தொடங்க நடுநிசி தாண்டிவிடும். சுவரில் நோட்டீஸ் பிய்ந்து தொங்கினால், விழா முடிந்திருந்தால், கமிட்டிக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். மிச்சம் ஒரு கட்டு கோயில் அறையில் கிடக்கும். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.