ஆமணக்கெண்ணெயும் செம்மண்ணும்

பெங்களூருப் புறநகரின் செம்மண் திடலில் நைட்ரோ பக்கியை அரை மணி நேரம் ஓட்டினால், அதைத் துடைத்தெடுக்க எனக்கு ஒரு மணி நேரமாகிறது. 1/8 அளவுள்ள இந்த ரிமோட் வண்டியின் எஞ்சின் ஏறத்தாழ 3.5 சிசி. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்ததே அதன் எரிபொருள். அவ்வெண்ணெயில் ஆமணக்கெண்ணெய்க்குப் பெரும்பாலும் ஒரு பங்குண்டு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தேக்கம் கிடையாது. எரிபொருளோடு வரும் எண்ணெயே பிஸ்டனை உராய்விலிருந்து காத்துவிட்டுப் புகையோடு வெளியேறுகிறது. வெளியேறிய அந்தப் பிசுக்கில்தான் செம்மண் அப்பிக்கொள்கிறது.

தண்ணீர் விட்டுக் கழுவினால் பேரிங்குகள் துருப்பிடிக்கும். மெத்தனாலும் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆகவே தொட்டியை வடித்து, எஞ்சினில் மிஞ்சியதை ஓடவிட்டே எரித்துத் தீர்த்து, ஆறியபின் குளோ பிளக்கைக் கழற்றிச் சில துளி எண்ணெய் விடுகிறேன். பிளக்கை மாட்டியபின் தூரிகையும் ஸ்பிரிட்டும் கொண்டு மண்ணை அகற்றுகிறேன். மெத்தனால் நஞ்சாதலால் இத்தனையும் மொட்டைமாடியில், கையுறையோடுதான்.

காற்று வடிகட்டியைக் கழற்றுவது கடைசியில். அதுவரை அது எஞ்சினின் வாயைக் காத்து நிற்க வேண்டும். உள்ளே புகும் மணல் சிலிண்டர் சுவரைக் கீறினால் அழுத்தம் குன்றி எஞ்சின் வீணாகும். வடிகட்டியின் நுரைப்பஞ்சைக் கழுவி, உலர்த்தி, மீண்டும் எண்ணெயில் தோய்க்கிறேன். வண்டியின் மேல் தூசியைப் பிடித்ததற்காகத் துடைத்தெறிந்த பிசுபிசுப்பை, இங்கே தூசியைப் பிடிப்பதற்காகவே பூசுகிறேன். எந்தப் பிசுக்கு எங்கே இருக்க வேண்டும் என்றறிவதே இத்துப்புரவின் பெரும்பகுதி.