ஏழு கோல் வாங்கிய பிறகு

ஆஸ்திரேலியா 7, இந்தியா 1. டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் 2021 ஜூலை 25 அன்று இதுதான் ஸ்கோர். இந்திய கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ், எங்கள் எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்துக்காரர். இரண்டே நாள் கழித்து ஸ்பெயினுடன் ஆட்டம். இந்தியா 3-0 என்று ஜெயித்தது. ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று முந்தி, கடைசி விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரை ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம்.

எல்லோருக்கும் நினைவிருப்பது அந்தக் கடைசித் தடுப்பு. என் யோசனையெல்லாம் நடுவில் இருந்த அந்த இரண்டு நாளைப் பற்றித்தான். ஏழு கோல் வாங்கிய அணி மறுநாள் காலை எப்படி எழுந்து மைதானத்துக்குப் போகிறது?

இதைக் கேட்க எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. அப்பா இறந்த பிறகு எனக்கு ஜெபம் நின்றுபோனது. கடவுள் மேல் கோபம் இல்லை, நம்பிக்கையும் போய்விடவில்லை. கண்ணை மூடினால் ஒரு வார்த்தை வராது. வார்த்தைகளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவளுக்கு இது கொஞ்சம் கூடுதல் தண்டனை.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: பின்மாற்றம். பிரசங்க மேடையில் அது கிட்டத்தட்ட ஒரு தீர்ப்பு. தினமும் நான் மொழிபெயர்க்கும் மலையாளத்திலும் இதே சொல் உண்டு. அங்கே படை பின்வாங்கினாலும் பின்மாற்றம்தான், வேட்பாளர் விலகினாலும் பின்மாற்றம்தான். பாவத்துக்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் பயன்படுத்தும் 'ஹமார்த்தியா' என்ற சொல்லுக்கும் பழைய பொருள் குறி தவறுவது. குறி தவறினால் வில்லை உடைப்பதில்லை. அடுத்த அம்பை எடுக்கிறோம்.

அகராதி ஆறுதல் தரும், ஆனால் ஆளை எழுப்பி விடாது. அதைச் செய்தவர் மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மாஷ். ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானத்தில் பையன்களுக்குக் கால்பந்து பழக்குகிறவர். "தோற்ற மறுநாள் பையன்களிடம் என்ன சொல்வீர்கள் மாஷே?" என்று கேட்டேன்.

"ஒன்றும் சொல்வதில்லை மோளே. காலையில் வரச் சொல்வேன். பத்தடி தூரத்தில் நின்று பாஸ் கொடுக்கச் சொல்வேன். பந்து காலுக்குப் பழகட்டும். மனசு பிறகு வரும்."

மறுநாள் முதல் பரமண்டல ஜெபத்தை மட்டும் தினமும் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். உருக்கம் வந்ததா என்று பார்க்கவில்லை. அது என் பத்தடி பாஸ்.

விளையாட்டை விசுவாசத்துக்கு உதாரணமாக்கியது நான் அல்ல, பவுல். கொரிந்துவுக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. வென்றவனுக்குப் பரிசு வாடிப்போகும் இலைக் கிரீடம். அந்த ஊர்க்காரர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஓட்டக்காரனையும் குத்துச்சண்டைக்காரனையும் காட்டும் பவுல், வெற்றியோடு பயிற்சியையும் உடம்பின் ஒழுங்கையும் வலியுறுத்துகிறார். பேதுருவின் கதையும் இதோடு சேரும். மூன்று முறை மறுதலித்தவனிடம் ஏரிக்கரையில் இயேசு விளக்கம் கேட்கவில்லை. அன்பு இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். ஆடுகளை மேய்க்கும் வேலையைக் கொடுத்தார். கோல் விட்டவனை அடுத்த ஆட்டத்துக்கும் இறக்கும் கோச் செய்வது இதைத்தான்.

உதாரணத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. மைதானத்தில் தேறாதவன் பெஞ்சுக்குப் போவான், பிறகு அணியிலிருந்தே போவான். தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் இருப்பவனும் அணியில்தான் இருக்கிறான். சோர்ந்தவர்களைப் பார்த்து உதடு பிதுக்கும் சபைகள் மறப்பது இதை.

மட்டாஞ்சேரிக்கு இது தெரியும். 1653 ஜனவரி 3 அன்று, போர்ச்சுக்கீசியரின் திருச்சபை அதிகாரத்துக்கு எதிராக மார்தோமா கிறிஸ்தவர்கள் இங்கே ஒரு சிலுவையின் முன் சத்தியம் செய்தார்கள். கூட்டம் பெரிது, எல்லோருக்கும் சிலுவை எட்டவில்லை. அதில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள் என்றும், அந்த இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்றும் மரபு சொல்கிறது. அதனால்தான் கூனன் குரிசு. 'கூன்' நம் சொல்லும்தான்.

தொட முடியாத தூரத்தில் இருந்தவர்கள் சத்தியம் செய்யாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் கையில் கயிறு இருந்தது. ஜெபம் வராத மாதங்களில் என் கையில் இருந்ததும் அவ்வளவுதான். இப்போது சில நாட்களில் சொந்த வார்த்தைகளும் வருகின்றன. வராத நாட்களில் பத்தடி பாஸ் போதும்.