சிம் லிம்முக்கு ரசீதோடு போங்கள்

தேக்காவில் காய்கறி வாங்கிய கையோடு ரோச்சோர் பக்கம் நடந்தால் பத்தே நிமிடத்தில் சிம் லிம் ஸ்குவேர் வந்துவிடும். உள்ளே நுழைபவர்களை முகத்தை வைத்தே பிரித்துவிடலாம். வாங்க வந்தவர் கடைக்குக் கடை நின்று விலை கேட்பார். பழுதுபார்க்க வந்தவரோ மடிக்கணினியைக் கைக்குழந்தைபோல அணைத்தபடி நேராக மின்படியில் மேலே போவார். பதினோரு மணிக்கு முன்பு போகாதீர்கள். பல கடைகள் திறந்திருக்காது.

இணையக் கடைகள் வந்த பிறகு இந்த ஆறு மாடிகளில் கூட்டம் குறைந்துவிட்டது. ஆனால் பழுதான பொருளோடு நேரில் போய் நிற்க ஒரு முகப்பு வேண்டுமே!

அந்த முகப்பில் முதல் கேள்வி, “வாரண்டி இருக்கிறதா?” நாம் கேட்கவேண்டியது, யாருடைய வாரண்டி என்பது. தயாரிப்பு நிறுவனத்தின் உத்தரவாதம் என்றால் அதன் சேவை நிலையத்துக்குப் போகச் சொல்வார்கள். கடையின் சொந்த உத்தரவாதம் சில சமயம் கூலிக்கு மட்டும்தான். பாகத்துக்குத் தனிக் காசு. மின்கலத்துக்குக் காலம் குறைவாக இருக்கலாம். தே தாரிக் சிந்திய விசைப்பலகைக்கு எந்தத் தாளும் பெரும்பாலும் உதவாது.

தாள் கைவிட்டாலும் சட்டம் இருக்கிறது. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கவேண்டியது விற்றவர். முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். நியாயமான காலத்துக்குள் அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். பழைய மடிக்கணினிக்கும் இது உண்டு, வயதும் விலையும் கணக்கில் வரும். “எங்களுக்குச் சம்பந்தமில்லை, நிறுவனத்திடம் போங்கள்” என்று கைகாட்டும் கடைக்காரரிடம் இதை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், குரல் மாறும். மாறாவிட்டால் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ இருக்கிறது. அதற்கும் மேலே சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும்.

எந்தச் சட்டமும் மீட்டுத் தராத ஒன்று, உள்ளே இருக்கும் கோப்புகள். பழுதுபார்ப்பவர் வன்தட்டை அழித்துவிட நேரலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளையின் இறுதியாண்டுத் திட்டப்பணி அதில்தான் இருக்கும். கணினி இயங்கினால் முதலில் நகல் எடுங்கள். இயங்காவிட்டால், தரவைத் தொடவேண்டாம் என்று ஒப்படைப்புச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வரிசை எண்ணையும் மூடியில் உள்ள கீறல்களையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

பழுதைக் கண்டறிய ஒரு மணி நேரம் ஆகும் என்றால், நடை தூரத்தில் வாட்டர்லூ ஸ்திரீட். அங்கே கிருஷ்ணன் கோயிலும் குவான் யின் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. குவான் யின்னைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனப் பாட்டிகள் நம் கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.