உருண்டைக்கு ஒரு கணக்கு உண்டு

இன்று சமையல் பதிவு. நடுவில் கொஞ்சம் கணக்குப் பாடமும் வரும். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டனில் இருக்கும் என் மகள், பக்கத்து வீட்டு மெக்சிகோ அம்மாவிடம் கற்றுக்கொண்டு 'அல்பாண்டிகாஸ்' என்ற பதார்த்தத்தின் செய்முறையை அனுப்பியிருந்தாள். தக்காளிச் சாற்றில் வேகும் கறி உருண்டை. படித்ததும் சிரித்துவிட்டேன். நம்ம கோலா உருண்டைக் குழம்புக்கு ஒன்றுவிட்ட அக்கா!

பெயர் ஸ்பானிய மொழி என்றாலும் வேர் அரபி. அரபியில் 'புந்துக்' என்றால் உருண்டையான ஒரு கொட்டை. அரபியரிடமிருந்து ஸ்பெயினுக்கு வந்த உருண்டை, 1521-இல் மெக்சிகோ ஸ்பானியர் கைக்குப் போனபின் அங்கே தக்காளியையும் மிளகாயையும் சந்தித்தது. அந்தத் தக்காளியும் மிளகாயும் கப்பலேறி நம் அடுப்புக்கும் வந்தன. நம்ம சாத்தூர் வத்தலுக்கும் பூர்வீகம் அந்தப் பக்கம்தான்.

திருத்தங்கலில் கிடைப்பதை வைத்து நான் செய்தது இது. கொத்துக்கறி 250 கிராம், தண்ணீர் ஒட்டப் பிழிந்தது. அரை மணி நேரம் ஊறிய பச்சரிசி 2 மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு கைப்பிடி புதினா, ஒரு சின்ன முட்டை, சீரகம், உப்பு. பிசைந்து நெல்லிக்காய் அளவில் பிடித்தால் 16 உருண்டை வரும். நாம் கோலாவுக்குப் பொரிகடலை மாவும் சோம்பும் தேங்காயும் சேர்த்துப் பொரிப்போம். இதில் பொரிப்பது கிடையாது. 5 தக்காளி, வெங்காயம், 4 பல் பூண்டு, தணலில் வாட்டிய வத்தல் 3, எல்லாவற்றையும் அரைத்து, எண்ணெயில் பச்சை வாசனை போக வதக்கி, 2 டம்ளர் தண்ணீர் விட வேண்டும். கொதிக்கும்போது உருண்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, மூடி, சிறு தீயில் 40 நிமிடம். முதல் 10 நிமிடம் கரண்டி போடக் கூடாது, உடைந்துவிடும்.

அங்கே அரிசி, இங்கே பொரிகடலை. இரண்டும் எதற்கு? கறியைக் கூட்டிக் காட்டத்தான். இல்லாத வீட்டுச் சமையல் எந்த நாட்டிலும் ஒரே புத்திதான்.

எங்கள் வீட்டில் எட்டுப் பேர். அப்பா தீப்பெட்டி ஆபீஸ் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு கால் கிலோ கறி வரும். துண்டுக் கறியாகக் குழம்பு வைத்தால் அப்பாவுக்கு நல்ல துண்டு, தம்பிகளுக்கு அடுத்தது, எங்களுக்கு ஒன்றிரண்டு. அம்மாவுக்குச் சட்டியில் ஒட்டிய குழம்புதான். அதை யாரும் கவனித்ததில்லை. துண்டுக்கு ஏது கணக்கு?

ஆச்சிக்குப் பல் போன பிறகுதான் எங்கள் வீட்டில் உருண்டை வந்தது. அம்மா பிடிக்கும்போது ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள். 16 உருண்டை, ஆளுக்கு 2. "ஏத்தா, உனக்கும் சேத்து எடுத்து வச்சிட்டு அப்புறம் பரிமாறு" என்பாள். மாமியார் சொல்லைத் தட்ட முடியுமா? அம்மா தட்டில் கறி விழுந்தது அதற்குப் பிறகுதான்.

மூன்றாம் வகுப்பில் வகுத்தல் நடத்தும்போது, "உங்க வீட்டுல எத்தனை பேரு? 16 உருண்டையைப் பங்கு வைங்க" என்பேன். ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரு ஆளைக் குறைத்தே எண்ணும். கேட்டால், "அம்மா அப்புறமா சாப்பிடும் டீச்சர்" என்று பதில் வரும். மீதி இருந்தால் அம்மாவுக்கு, இல்லாவிட்டால் இல்லை. எட்டு வயதிலேயே அந்தக் கணக்கு மனதில் ஏறிவிடுகிறது. கரும்பலகையில் திருத்தலாம். வீட்டில் யார் திருத்துவது?

இந்த ஞாயிறு கோலாவோ அல்பாண்டிகாஸோ, எது செய்தாலும் சரி. பிடிக்கும்போது எண்ணுங்கள். பிடிக்கிறவரையும் சேர்த்து எண்ணுங்கள்.