சுமையும் ஓர் அமானிதமே!



இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என ஊர்களைக் கடந்து செல்லும் அச்சாலையில், தார்ப்பாய் போர்த்திய சிறு லாரிகளை நீங்கள் கண்டிருக்கலாம். கட்டில், பீரோ, அண்டா, தையல் இயந்திரம், பிள்ளைகளின் மிதிவண்டி என ஒரு குடும்பமே அதில் இடம்பெயர்ந்து கொண்டிருக்கும். வண்டியின் பின்புறம், கட்டிய கயிற்றைப் பற்றியவாறு நான்கைந்து பேர் அமர்ந்திருப்பர். கடலையும் பாலத்தையும் கண்டு வியக்கும் நம் கண்கள், அந்த நால்வரிடம் நிலைப்பதில்லை. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

கடுஞ்சிரமமின்றி நாம் சென்றடைய இயலாத ஊர்களுக்கு நம் சுமைகளைக் கால்நடைகள் சுமந்து செல்வதை, ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தில் அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக நினைவூட்டுகின்றான். கால்நடை சுமப்பதே நன்றிக்குரியது என்றால், நம்மைப் போன்றதொரு மனிதன் சுமப்பது எத்துணை நன்றிக்குரியது!

வீடு நிற்கும், மனிதன் பெயர்வான்

கிழக்கே செல்லுமுன், தெற்கே கீழக்கரையைச் சற்றுப் பார்த்துவிடுவோம். திருமணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டிற்குக் குடிவருவது அவ்வூரின் நெடுநாள் வழக்கம். அதன் நன்மை தீமைகளைப் பேசுவதற்கு இது இடமன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே வீடும் தட்டுமுட்டுச் சாமான்களும் பெண்ணோடு நிலைத்திருக்க, ஆண்மகன் ஒரு பெட்டியுடன் வந்தான். அதே பெட்டியுடன் கொழும்புக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினான். இன்று அவன் பேரன் வளைகுடாவுக்கு விமானமேறுகின்றான். பிள்ளைகளின் படிப்பிற்காகவும் தொழிலுக்காகவும் குடும்பங்கள் சென்னைக்குப் பெயரத் தொடங்கிய பின்னர்தான், வீடு முழுவதையும் கட்டி ஏற்றும் வேலை அவ்வீதிகளுக்குள் வந்தது. பாட்டிமார் பாதுகாத்த பித்தளைத் தேக்சாக்களும் சஹன்களும் குறுகலான சந்துகளின் வழியே, அயலார் ஒருவரின் தோளில் ஏறி வெளியே வருகின்றன.

பாலமும் படகும்

இனிப் பாம்பனுக்கு வருவோம். 1914 பிப்ரவரியில் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் தீவுக்குச் சென்ற ஒவ்வொரு பொருளும் படகில்தான் சென்றாக வேண்டும். ரயில் வந்த பின்னரும் சிரமம் தீர்ந்துவிடவில்லை. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 அன்றுதான் திறக்கப்பட்டது. அதுவரை இராமேசுவரத்தில் குடியேறிய ஒரு குடும்பத்தின் சாமான்கள் வீட்டிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து ரயிலுக்கு, ரயிலிலிருந்து மீண்டும் வண்டிக்கு, வண்டியிலிருந்து வீட்டிற்கு எனப் பலமுறை கை மாறின. ஒவ்வொரு மாற்றமும் யாரோ ஒருவரின் முதுகின்மீது நடந்தது. இன்று ஒரு லாரி காலையில் இராமநாதபுரத்தில் ஏற்றி, நண்பகலுக்குள் இராமேசுவரத்தில் இறக்கிவிடுகின்றது. ரயிலுக்கும் 2025 ஏப்ரல் 6 அன்று, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாலம் திறக்கப்பட்டுள்ளது.

மக்களைச் சுமந்து செல்வது இக்கடற்கரை முஸ்லிம்களின் பழந்தொழில்களுள் ஒன்று. முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுலாபுதீன் மரைக்காயர், இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச்செல்லப் படகு ஒன்றை உருவாக்கினார். அப்படகு பின்னர் ஒரு புயலில் போயிற்று. ஹிந்து யாத்திரிகர்களைப் பத்திரமாகக் கரைசேர்ப்பதை ஒரு முஸ்லிம் பெரியவர் தம் கண்ணியமான பிழைப்பாகக் கொண்ட மண் இது.

எடுத்துச் செல்ல இயலாதோர்

1964 டிசம்பர் 22 இரவில் வீசிய பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ரயில் ஒன்று பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. சிதைந்த பாம்பன் பாலம் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடியோ மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என அறிவிக்கப்பட்டது. தலைமன்னார்க் கப்பலுக்கும் ரயிலுக்குமிடையே பிறர் பெட்டிகளைச் சுமந்து பிழைத்தோர்க்குச் சுமக்கச் சுமையும் இல்லை, வைக்க வீடும் இல்லை.

அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தமிழர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. புயலுக்குப்பின் இராமேசுவரத்திற்கு மாற்றப்பட்ட கப்பல் வழியே அவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரி முதலிய இடங்களுக்குச் சென்றனர். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்பிவைத்த அதே முகாம்தான் அது! தலைமுறைகளின் வாழ்வு சில தகரப் பெட்டிகளுக்குள் அடங்கியிருந்தது. 1983-க்குப் பின் படகுகளில் வந்த அகதிகளுள் பலருக்கு அப்பெட்டியும் இல்லை.

கடலுக்கு அப்பால், 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகைகளும் சாமான்களும் அங்கேயே தங்கிவிட்டன. தன் சாமான்களைத் தானே தேர்ந்து, கட்டி, ஏற்றி, முகவரி சொல்லி அனுப்ப முடிவது அனைவர்க்கும் வாய்க்காத பாக்கியம் என்பதை இக்கரையில் நின்று பார்க்கும்போதுதான் உணர்கிறோம்.

வலிமையும் நம்பிக்கையும்

அந்தப் பாக்கியத்தை நமக்கு ஈட்டித்தரும் தொழிலாளி யார்? தலையில் சும்மாடு, தோளில் துண்டு, கையில் கயிறு. இரும்பு பீரோவை இருவர் சாய்த்துப் பிடிக்க, இருவர் அடியில் தோள் கொடுத்து மாடிப்படியில் இறக்குகின்றனர். கால் ஒன்று வழுக்கினால் நொறுங்குவது பீரோ மட்டுமன்று. வயதுவந்த ஆண் ஒருவர் வழக்கமாகச் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது, 1967-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வழங்கிய பரிந்துரை. பணியாளர்மீது அவர்களின் ஆற்றலுக்கு மீறியதைச் சுமத்தலாகாது, சுமத்த நேர்ந்தால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது, அதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்த நெறி.

மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் பரிந்துரைத்த பெண்மணி, வலிமையும் நம்பகமும் என்னும் இரு பண்புகளைக் கூறியதாகத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கின்றது. வீடு மாற்றித் தருவோரிடம் நாம் தேடுவதும் அவ்விரண்டையே. நம் அலமாரிகளும் அந்தரங்கப் பொருள்களும் அவர்கள் கைகளில் அமானிதம்.

பொருள் உடைந்தால் ஈடு யார் பொறுப்பு? இக்கடற்கரையில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து, கூலிக்கு ஏற்றவர் கவனக்குறைவோ வரம்பு மீறலோ செய்யாதவரை ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பதாகும். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா அவர்களின் மாணவர் இருவரும், தவிர்க்க இயலாத விபத்து நீங்கலாக, பலருக்கும் வேலை செய்பவர் பொறுப்பேற்க வேண்டும் என்றனர். ஆகவே கைதவறி உடைந்த ஒரு கண்ணாடிக்காக ஏழையின் அன்றைய கூலியைப் பிடித்துக்கொள்ளுமுன், மார்க்கமறிந்தோரைக் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

வேலை தொடங்குமுன் கூலியைப் பேசி முடியுங்கள். மாடிக்கு எவ்வளவு, தெருமுனையிலிருந்து சுமந்தால் எவ்வளவு என்பதையும் அப்போதே கூறிவிடுங்கள். சாமான்களின் பட்டியலை இரு பிரதிகள் எழுதி, ஒன்றை வண்டிக்காரரிடம் கொடுங்கள். நகை, பத்திரங்கள், முஸ்ஹஃப் ஆகியவற்றை நீங்களே கையில் எடுத்துச் செல்லுங்கள்.

நிறுவனங்கள் வழியாகத் தொலைதூரம் அனுப்புவோர், முன்பணம் கொடுக்குமுன் முழுத் தொகையையும் எழுத்தில் பெறுங்கள். குறைந்த தொகை கூறி ஏற்றிக்கொண்டு, வழியில் கூடுதல் கேட்டுச் சாமான்களைப் பிடித்துவைக்கும் மோசடிகள் நடக்கின்றன. பொருளின் மதிப்பைச் சரக்குச் சீட்டில் குறிப்பிடுங்கள். சேதம் நேர்ந்தால், 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

உங்களுக்காகச் சுமப்பவரிடம், தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துள்ளாரா எனக் கேளுங்கள். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப்பின் ஓய்வூதியம் ஆகியன அதில் உண்டு. பதிவுக்குக் கட்டணமில்லை. படித்த நம் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால், அதுவும் ஸதகாவே.

இறுதியாக, வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்ற நபிமொழி நாம் அனைவரும் அறிந்ததே. ‘அடுத்த வாரம் வா’ என்று அலையவிடும் வீட்டில் பரக்கத் எங்ஙனம் குடியேறும்? புதிய வீட்டின் முதல் உணவை அவர்களோடு பகிர்ந்துண்ணுங்கள். அவர்கள் மனமுவந்து கேட்கும் துஆ, இன்ஷா அல்லாஹ், அவ்வீட்டில் உங்களோடு தங்கும்.