பென்சிலால் எழுதிய மனு

ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதிப்பது எங்கள் வழக்கம். அமெரிக்காவின் கிடியன் வழக்கைப் படித்தபோது அதுவே என் நினைவுக்கு வந்தது.

1961-இல் புளோரிடாவில், பில்லியர்ட்ஸ் விடுதியொன்றில் திருடப் புகுந்தார் என்று கிடியன் என்ற ஏழைமீது வழக்கு. வழக்கறிஞர் வேண்டுமென்றார், நீதிபதி மறுத்தார். தாமே வாதாடினார், ஐந்தாண்டுச் சிறை. சிறையிலிருந்தே பென்சிலால் உச்ச நீதிமன்றத்திற்கு மனு எழுதினார். பெருங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்கறிஞரை அளிக்க வேண்டுமென 1963-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்.

மறுவிசாரணையிலும் அதே குற்றச்சாட்டு, அதே நீதிபதி. ஜூரிகள் புதியவர்கள்தாம்; ஆயினும் பெரிய மாற்றம், கிடியன் அருகில் வழக்கறிஞர் ஒருவர் இருந்ததே. விடுதலை கிடைத்தது!

இன்று அங்கே பெரும்பாலான தண்டனைகள் விசாரணையின்றி, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்தாலேயே விதிக்கப்படுகின்றன. அந்தப் பேரத்திலும் ஏழைக்குத் துணை அவ்வழக்கறிஞரே. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. எளியவனுக்காக அதை எடுத்துரைக்க ஆள் வேண்டும் என்பேன்.