திறந்த பாத்திரம் என்றால் என்ன?



போன வாரம் போட்ட படத்தில் என் கையில் இருந்த இருபது முகப் பகடை எதற்கு என்று பலர் கேட்டிருந்தீர்கள். "ரிட்டயர் ஆனதும் சார் சூதாட ஆரம்பிச்சிட்டாரா?" என்று ஒரு தங்கமான மாணவன் எழுதியிருந்தான். அது என் பேத்தியுடையது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் அவளும் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ஆட்டம். தாயம் மாதிரி காய் நகர்த்துவது இல்லை. ஆளுக்கொரு வேடம். கதையை நடத்துபவரை 'டிஎம்' என்கிறார்கள். விதியில் சந்தேகம் வந்தால் அவர் சொல்வதுதான் முடிவு. எங்கள் வீட்டில் டிஎம் பேத்திதான்.

அதில் தண்ணீர் வரவழைக்கும் மந்திரம் ஒன்று உண்டு. முதல் நிலை மந்திரம், அதாவது ஒன்றாம் வகுப்புப் பாடம். பத்து காலன் வரை சுத்தமான தண்ணீரை ஒரு திறந்த பாத்திரத்தில் வரவழைக்கலாம். பத்து காலன் என்றால் சுமார் 38 லிட்டர், நம் பிளாஸ்டிக் குடத்தில் இரண்டரை குடம் வரும். வேண்டாம் என்றால் அதையே முப்பதடி இடத்துக்கு மழையாகப் பெய்ய வைத்து நெருப்பை அணைக்கலாம். 

ஒரு பையன் கேட்டான்: "எதிரே நிக்கிற அரக்கன் வாயைத் திறந்துட்டுதானே கத்துறான்? அப்போ அவன் நுரையீரல் திறந்த பாத்திரம்தானே? அதுக்குள்ள தண்ணிய வரவழைக்கிறேன்." கூடத்தில் ஒரே கூச்சல். "நுரையீரல் கூடாதுன்னு புத்தகத்துல எங்க போட்டிருக்கு?" என்பது அவன் வாதம். இது உலகம் முழுக்க இந்த ஆட்டக்காரர்களிடையே நடக்கும் பழைய சண்டையாம்.

முப்பது வருடம் தமிழ் நடத்தியவன் சும்மா இருப்பானா? புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். உடம்பைத் தாக்கும் மந்திரங்களில் எத்தனை பகடை சேதம், எதிராளி தப்பிக்க எதை உருட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. தண்ணீர் மந்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லை. பாத்திரம், மழை, நெருப்பு அணைப்பது என்று பக்கத்தில் இருக்கும் சொல்லெல்லாம் வீட்டுச் சொல். ஒரு சொல்லின் பொருளை அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தானே கொள்கிறோம் என்றேன்.

பையன் விடவில்லை. "சார், நரசிம்மர் செஞ்சது மட்டும் என்னவாம்?"

நல்ல கேள்வி. வகுப்பாக இருந்தால் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன். ஆனால் அந்தக் கதையில் வரத்தின் ஒரு சொல்லைக்கூட யாரும் இழுத்து நீட்டவில்லை. அந்தி, பகலும் இல்லை இரவும் இல்லை. வாசற்படி, உள்ளும் இல்லை வெளியும் இல்லை. நகம் ஆயுதம் இல்லை. இரணியன் கேட்ட ஒவ்வொரு சொல்லும் கடைசி வரை உண்மையாகவே நின்றது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவன் விட்டிருந்த இடைவெளிக்குள் நரசிம்மர் வந்தார். நீயோ பாத்திரம் என்ற சொல்லையே நெஞ்சுக்கூடு வரை இழுக்கிறாய், அது வேறு இது வேறு என்றேன்.

பேத்திக்கு என் இலக்கணம் தேவைப்படவில்லை. "சரி, அனுமதிக்கிறேன். அடுத்த வாரம் உங்களை எதிர்க்க வர்ற மந்திரவாதிக்கும் இதே மந்திரம் தெரியும். அப்போ நீங்களும் வாயை மூடிட்டுத்தான் சண்டை போடணும்" என்றாள். பையன் உடனே கேட்டதை வாபஸ் வாங்கிக்கொண்டான்.

அந்தக் கூட்டத்தில் மாலூரிலிருந்து வரும் பெண் ஒருத்தி. காபி குடிக்கும்போது அவளிடம் யார்கோல் அணை பற்றிப் பேச்சு வந்தது. பங்காருபேட்டை, மாலூர், கோலார் ஊர்களின் குடிநீருக்காக மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டியது. அந்த நதி நம் மாவட்டத்துக்குள் வந்து தென்பெண்ணையில் சேர்கிறது. மதராஸ் அரசைக் கேட்காமல் மைசூர் புதிய பாசன வேலை செய்யக்கூடாது என்று 1892 ஒப்பந்தம் சொல்கிறது. அட்டவணையில் பெண்ணையாறு உண்டு. ஆனால் குடிநீர் அணை பாசன வேலையா? பெண்ணையாறு என்றால் துணையாறும் சேர்த்தியா? 2018இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பரில் நீதிமன்றம் மனுவைத் தள்ளி, தீர்ப்பாயம் வேண்டுமென்றால் மத்திய அரசிடம் கேளுங்கள் என்றது. எங்கள் கூடத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆற்றுக்கு அப்படி உடனே ஒரு டிஎம் கிடைக்கவில்லை.

துணையாறும் சேர்த்திதான் என்பது என் கட்சி. கிருஷ்ணகிரிக்காரன் வேறென்ன சொல்வேன்? அவள் மறுக்கவில்லை. "எங்க ஊர்ல குழாயில தண்ணி வர்றதை நாங்க எதிர்பார்த்துட்டே இருந்தோம் சார்" என்று மட்டும் சொன்னாள். கெலவரப்பள்ளி அணையில் நுரை மிதப்பதைப் பார்த்தவன், போர் தண்ணீரின் ஃபுளோரைடால் பல் பழுப்பேறிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன், அந்தப் பேச்சுக்கு எப்படிப் பதில் சொல்வேன்?

பேத்திதான் விடாமல் கேட்டாள்: "தாத்தா, நமக்குக் கீழே யாரு?" சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் புதுச்சேரியின் பாகூர் ஏரிக்கு இதே தென்பெண்ணைத் தண்ணீர்தான் போகிறது என்றேன். "அப்போ அவங்களுக்கு நாமதான் மேல்பக்கம்" என்றாள்.

பொதுப்பணித் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் யாராவது 1892 ஒப்பந்தத்தை அட்டவணையோடு முழுதாகப் படித்திருந்தால் கீழே எழுதுங்கள். பாகூர்ப் பக்கம் சம்பந்தம் செய்திருக்கும் சொந்தங்களும் எழுதலாம். வரும் ஞாயிறு அந்த மாலூர்ப் பெண்ணிடம் படித்துக் காட்டுகிறேன்.